எந்தக் காய்க்கு எத்தனை குழித் தட்டு? நாற்றுக்கான கொள்கலன் அளவு: முழுமையான வழிகாட்டி

நாற்றுத் தட்டு (குழிக்கு ஒரு விதை போடும் பிளாஸ்டிக் தட்டு) வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி "98 குழியா, 50 குழியா?" என்பதுதான். பலரும் ஒரு தட்டில் அதிக நாற்று வருகிறதே என்று 98ஐ எடுத்து வந்துவிடுகிறார்கள். தக்காளிக்கு அது பெரும்பாலும் சரியாகவே அமையும். அதே தட்டில் பூசணி விதைத்தாலோ, ஏர் ஓட்ட ஆள் கிடைக்காமல் கத்தரி நாற்றை 45 நாள் வைத்திருந்தாலோ அதன் விலையைக் கழனியில் கொடுக்க வேண்டிவரும். குழியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது தட்டின் விலை அல்ல. அந்த நாற்று எத்தனை நாள் அதற்குள் நிற்கப்போகிறது என்பதுதான். கீழே வரும் படிகள் எல்லாமே இந்தக் கணக்கை ஒட்டியவை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் வெயிலையும் தண்ணீரையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை.

குழி சிறிதானால் செடிக்குள் என்ன நடக்கிறது

வேர் குழியின் சுவரைத் தொட்டதும் வளைந்து கீழே போகும். அடியிலும் இடம் இல்லையென்றால் சுற்றத் தொடங்கும். வேருக்கு இடம் போதாத செடி, மேலே இலை விரிப்பதையும் குறைத்துக்கொள்ளும். உரமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தாலும் இது நடக்கும், ஏனென்றால் வேரிலிருந்து தண்டுக்குப் போகும் வளர்ச்சி ஊக்கிகளின் அளவே மாறிவிடுகிறது. இலை சிறுத்து, கணு நெருங்கி, தண்டு விறைப்பாகும். பல வகைச் செடிகளில் நடந்த 65 தொட்டி ஆய்வுகளைத் தொகுத்து 2012ல் வெளியான கட்டுரை ஒன்று, தொட்டியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது என்று கணக்கிட்டது. அதாவது இடத்தை இரட்டிப்பாக்கினாலும் செடி இரட்டிப்பாவதில்லை. பெரிய குழிக்குப் போவதில் லாபம் உண்டு, அதற்கு ஒரு வரம்பும் உண்டு.

அடுத்தது தண்ணீர். குழியில் ஊற்றும் தண்ணீர் முழுதும் வடிந்துவிடாது. அடிப்பகுதியில் ஓர் அடுக்கு எப்போதும் சொதசொதவென்று நிற்கும். எவ்வளவு நிற்கும் என்பதைக் குழியின் அகலத்தைவிட ஆழமே முடிவு செய்கிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கவைத்தால் சொட்டுவது சீக்கிரம் நின்றுவிடும், நிமிர்த்தி நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் வடியும். குழியிலும் இதே கதைதான். ஆழம் குறைந்த குழியில் ஊற்றிய உடனே வேருக்குக் காற்று கிடைக்காது, மதியம் ஒரு மணிக்குள் அதே குழி காய்ந்தும் போகும். சிறு குழி நாற்று காலையில் மூச்சுத் திணறி மதியம் தவிப்பது இதனால்தான்.

மூன்றாவது வெளிச்சம். ஏறத்தாழ 54 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலமுள்ள ஒரு தட்டில் 98 குழி இருந்தால் ஒரு நாற்றுக்குக் கிடைக்கும் பரப்பு 15 சதுர செ.மீ. 50 குழி என்றால் 30. கத்தரி போல் அகல இலைச் செடிகள் 98 குழியில் மூன்றாவது வாரத்திலேயே ஒன்றின் மேல் ஒன்று கவியும். பிறகு வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நெட்டையாக, மெலிந்து போகும். வேருக்கு இடம் இருந்தும் நாற்று கெட்டுப்போகும் சந்தர்ப்பம் இது. பலர் இதை உரக்குறைவு என்று நினைத்து யூரியா கரைத்து ஊற்றி இன்னும் நெட்டையாக்கிவிடுகிறார்கள்.

படி 1: நடவு நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள்

விதைக்கும் நாளை முதலில் முடிவு செய்வது வழக்கமாக இருக்கிறது. நடவு நாளைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். கொல்லையில் உழவு, தொழுவுரம், பார் பிடித்தல், சொட்டுநீர் குழாய் எல்லாம் என்றைக்கு முடியும் என்று பார்த்து, அதிலிருந்து நாற்றின் வயதைக் கழியுங்கள். தக்காளிக்கு 22 முதல் 25 நாள், முட்டைக்கோஸ், காலிபிளவருக்கு 25, கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40, பூசணி, சுரை, பீர்க்கு, வெள்ளரி, தர்பூசணிக்கு 12 முதல் 15 நாள்.

ஆடிப்பட்டத்தில் மழையை நம்பி நடுபவர்கள் இந்தக் கணக்கில் ஒரு வாரம் பத்து நாள் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழை தள்ளிப்போனால் நாற்று தட்டிலேயே காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் குழி எடுக்க வேண்டும். கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்து, நடவு நாள் நிச்சயம் என்றால் சிறிய குழி போதும்.

படி 2: பயிருக்கும் நாளுக்கும் ஏற்ற குழி

200 குழித் தட்டில் ஒரு குழி சுமார் 8 முதல் 10 மில்லி பிடிக்கும். வெங்காயத்துக்குச் சரி. மற்ற காய்களுக்கு நம் ஊர் வெயிலில் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு மதியம் தண்ணீர் தவறினால் தட்டு முழுதும் போய்விடும்.

98 அல்லது 104 குழித் தட்டில் ஒரு குழி 20 முதல் 25 மில்லி. தக்காளி, முட்டைக்கோஸ், காலிபிளவர் மூன்றுக்கும் உரிய வயதில் நடுவதாக இருந்தால் இதுவே போதும். மிளகாயின் இலை சிறியது, மெதுவாக வளர்வது. 35 நாள் வரை தாங்கும். கத்தரிக்கு 28 நாளுக்கு மேல் இதில் நிறுத்தக்கூடாது.

70 குழித் தட்டை இந்தப் பக்கம் குறைவாகத்தான் வாங்குகிறார்கள், ஆனால் கத்தரிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. குழிக்கு 30 மில்லிக்கு மேல் பிடிக்கும், இலை விரிய இடமும் இருக்கும். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரியை அணைக்கட்டுப் பக்கம் நாற்றுவிட்டு நடுபவர்கள் ஒரு பட்டமாவது இதில் விதைத்துப் பார்க்கலாம். 40 நாள் நிற்கப்போகும் மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் இதுவே நல்லது.

50 குழித் தட்டில் ஒரு குழி 50 மில்லி அளவு. கொடிக்காய்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். பூசணி வகைகளின் விதை பெரியது, முளைத்த வேகத்திலேயே வேர் குழியை நிறைத்துவிடும், வேர் அறுந்தால் மறுபடி தேறுவதும் கடினம். தக்காளி நடவு 30, 35 நாள் வரை தள்ளிப்போகும் என்று தெரிந்தாலும் 50 குழிக்கே போங்கள்.

மாடித் தோட்டத்துக்கு 200 மில்லி காகிதக் கப் தாராளம். அடியில் பென்சில் தடிமனுக்கு மூன்று ஓட்டை போட வேண்டும். விதையை நேராக 20 லிட்டர் பையில் போடுவது வேண்டாம். அத்தனை பெரிய ஈரக் கலவையில் முளைக்கும் குருத்துக்கு உறிஞ்ச வேண்டிய தண்ணீரோ துளி அளவு, சுற்றி நிற்பதோ லிட்டர் கணக்கு. கலவை காயாமல் கிடந்து நாற்றழுகல் வரும். கப்பில் வளர்த்து, வேர் பிடித்த பிறகு பைக்கு மாற்றுங்கள். தக்காளிக்கு 15 முதல் 20 லிட்டர் பை, மிளகாய்க்கு 10 முதல் 12, கத்தரிக்கு 20.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 90க்கு 60 செ.மீ. இடைவெளியில் ஒரு ஏக்கர் கத்தரிக்குச் சுமார் 7,500 நாற்று. பழுதுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 8,250. இது 98 குழியில் 85 தட்டு, நிழல்வலைக்குள் 138 சதுர அடி, கலவை 200 லிட்டர். 50 குழியில் 165 தட்டு, 268 சதுர அடி, 412 லிட்டர். 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் வரும் என்பதால் மூன்று கட்டிக்குப் பதில் ஆறு கட்டி ஆகிறது. ஒரு தட்டுக்கு வேண்டிய கலவை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நாற்றின் எண்ணிக்கைதான் பாதி. இந்தக் கூடுதல் செலவுக்கு என்ன கிடைக்கும்? தக்காளியில் பெரிய குழி நாற்று முதல் பறிப்பை முன்னுக்குக் கொண்டுவரும், ஆனால் பருவம் முடியும்போது மொத்த விளைச்சலில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும். விலை ஏறியிருக்கும் நாளில் சந்தைக்கு முந்த வேண்டியவருக்குப் பெரிய குழி லாபம். மற்றவர்கள் தக்காளியை உரிய வயதில் நட்டால் 98 குழியே போதும்.

படி 3: குழியை அளந்து பாருங்கள்

"98 குழி" என்பது எண்ணிக்கை மட்டும். கொள்ளளவு தட்டுக்குத் தட்டு மாறும். வாங்குவதற்கு முன் ஒரு தட்டைக் கேட்டு வாங்கி, ஒரு குழியின் அடி ஓட்டையைச் செலோடேப்பால் ஒட்டுங்கள். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, விளிம்பு வரை நிரப்புங்கள். எத்தனை மில்லி போனதோ அதுதான் உங்கள் நாற்றின் வீடு. 18 மில்லி மட்டுமே போனால் அந்தத் தட்டில் தக்காளியை 20 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஆழத்தையும் ஒரு குச்சி விட்டுப் பாருங்கள். ஒரே கொள்ளளவு என்றால் ஆழமானதை எடுங்கள். உட்சுவர் கீழ்நோக்கி ஒடுங்கி, பக்கத்தில் நீளவாக்கில் வரிமேடு இருந்தால் வேர் சுற்றாமல் இறங்கும். அடி ஓட்டை சுண்டுவிரல் நுனி நுழையும் அளவாவது இருக்க வேண்டும்.

படி 4: தட்டும் கலவையும்

பழைய தட்டு என்றால் மண்ணைத் தேய்த்துக் கழுவி, லிட்டருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். போன பருவத்து நாற்றழுகல் பூஞ்சாணம் தட்டின் மூலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கோகோபீட் மக்கியதாக, உப்பு கழுவப்பட்டதாக இருக்க வேண்டும். மக்காத நார்த்தூள் நாற்றுக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். சிறு குழியில் இருப்பதே கொஞ்சம் என்பதால் பத்தாம் நாளே இலை வெளுத்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு இது: 300 கிலோ கோகோபீட்டுக்கு வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம் 1 கிலோ, பாஸ்போபாக்டீரியா 1 கிலோ. 98 குழித் தட்டு ஒன்றுக்கு ஈரக் கலவை 1.2 கிலோ. உங்கள் தேவைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்து இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது.

கழனி மண்ணைக் குழியில் நிரப்பாதீர்கள். நிலத்தில் நன்றாக வடியும் மண்கூட நான்கு செ.மீ. ஆழக் குழியில் வடியாது. மேலே சொன்ன அந்த ஈர அடுக்கு, மண்ணில் குழி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

படி 5: நிரப்புதல், விதைத்தல், அடுக்குதல்

கலவையைத் தட்டின் மேல் கொட்டிக் கையால் வழித்துவிட்டு, தட்டைத் தரையில் இரண்டு முறை தட்டினால் போதும். விரலால் அழுத்தி அடைத்தால் காற்றிடம் போய்விடும். ஓரக் குழிகள் குறையாக நிரம்புவது வழக்கம். அவைதான் முதலில் காய்பவை என்பதால் இன்னொரு முறை நிரப்புங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் விதையை அரை செ.மீ. ஆழத்திலும், பூசணி வகைகளை ஒன்றரை செ.மீ. ஆழத்திலும் குழிக்கு ஒன்றாகப் போட்டு மூடுங்கள்.

நனைத்த தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கிப் பாலிதீன் தாளால் மூடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து காலை, மாலை இருவேளையும் திறந்து பார்க்க வேண்டும். தக்காளி மூன்று, நான்கு நாளிலும் கத்தரி ஐந்து, ஆறிலும் மிளகாய் ஆறு முதல் எட்டிலும் தலை காட்டும். கலவை லேசாக விரிந்து முளையின் வெள்ளை வளையம் தெரிந்ததுமே தட்டுகளைப் பிரித்துவிடுங்கள். ஒரு இரவு தாமதித்தால் இருட்டில் இழுத்த தண்டு, பிறகு எந்தக் குழியிலும் தடிக்காது.

படி 6: தட்டைத் தரையில் வைக்காதீர்கள்

50 சதவீத நிழல்வலையும், சுற்றிலும் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சி வலையும் போதும். தட்டுகளைக் கம்பிச் சட்டத்திலோ, செங்கல் மேல் வைத்த மூங்கிலிலோ தூக்கி வையுங்கள். அடி ஓட்டையில் எட்டிப்பார்க்கும் வேர் நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து, உள்ளே பக்கவேர் கிளைக்கும். தரையில் வைத்தால் வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும், தூக்கும் நாளில் அறுந்து நிற்கும். குழி சிறியதாக இருக்கும்போது வேருக்குக் கிடைக்கும் பெரிய உதவி இந்தக் காற்றுதான்.

படி 7: தண்ணீர், உரம்

வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த நாட்களில் 98 குழித் தட்டுக்கு நாளைக்கு மூன்று முறை பூவாளியால் தண்ணீர் வேண்டும். 50 குழிக்கு இரண்டு போதும். கார்த்திகை, மார்கழியில் இதே அட்டவணையை வைத்திருந்தால் நாற்றழுகல் நிச்சயம். தட்டைத் தூக்கிப் பார்த்துப் பழகுங்கள். நனைந்த தட்டின் கனம் கைக்குப் பிடிபட்டுவிட்டால், அது பாதியாகும்போது ஊற்றினால் போதும். சாயங்காலம் ஐந்துக்குப் பிறகு இலையை நனைக்காதீர்கள்.

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிய இடங்கள் பல. கழனியில் பயிர் தாங்கும் அதே தண்ணீர் 20 மில்லி குழியில் நாற்றைக் கருக்கிவிடும். ஒவ்வொரு மதியமும் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் குழியிலேயே தங்கிச் சேர்கிறது. நீரின் உப்பு நிலையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மின் கடத்துதிறன் (EC) மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸுக்குக் (dS/m) கீழே இருந்தால் கவலையில்லை, 1.5ஐத் தாண்டினால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் சிறு குழி வேண்டாம். 50 குழிக்குப் போங்கள், ஒவ்வொரு முறையும் அடி ஓட்டையில் சொட்டும் வரை ஊற்றுங்கள், மழைநீர் பிடித்துவைத்திருந்தால் அதை நாற்றுக்கு ஒதுக்குங்கள். இலை ஓரம் கருகி, கலவையின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்தால் அது உப்புதான்.

உரத்தில் சிறு குழிக்கு விதி: குறைந்த அளவு, அடிக்கடி. முளைத்ததும் வரும் வித்திலைகளுக்குப் பிறகு முதல் நிஜ இலை விரிந்ததும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு 1 கிராம், நான்கு நாளுக்கு ஒருமுறை. 18ஆம் நாளுக்கு மேல் லிட்டருக்கு 5 கிராம் ஒரு முறை ஊற்றலாம். ஊற்றும் முன் கலவை ஈரமாக இருக்கட்டும். பெரிய குழியில் இந்த இடைவெளியை ஒரு வாரமாக்கலாம்.

படி 8: ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள்

நடவுக்கு ஒரு வாரம் முன்பு, தட்டின் நடுவிலிருந்து ஒரு நாற்றை அடியில் விரலால் தள்ளி வெளியே எடுங்கள். கலவை உதிராமல் குழியின் வடிவிலேயே வர வேண்டும். சுவரை ஒட்டி வெள்ளை வேர்கள் வலைபோல் தெரிய வேண்டும், இடையிடையே கலவையின் பழுப்பும் தெரிய வேண்டும். கலவை உதிர்ந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பெரிய குழி எடுத்தவர்கள் அவசரப்பட்டால் நடப்பது இதுதான்: 50 மில்லியை வேர் நிறைப்பதற்குள் பிடுங்கி, பாதி வேரைத் தட்டிலேயே விட்டுவிடுவார்கள். கலவையே தெரியாமல் வேர் பழுப்பாகிக் கயிறாகச் சுற்றியிருந்தால் நாள் கடந்துவிட்டது. வித்திலை மஞ்சளாவதும், தண்டு ஊதா நிறம் பூண்டு விறைப்பதும், மிளகாயில் தட்டிலேயே மொட்டு வைப்பதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

கடைசி ஐந்து முதல் ஏழு நாள் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, தண்ணீரைக் குறையுங்கள். வாட விடக்கூடாது. 98 குழியில் தண்ணீரைக் குறைப்பது என்றால் மதிய வேளையை மட்டும் நிறுத்துவது.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்திலிருந்தோ உள்ளூர்ப் பண்ணையிலிருந்தோ நாற்று வாங்குபவர்களும் வண்டியிலிருந்து இறக்கும் முன் இதே சோதனையைச் செய்யலாம். எத்தனை நாள் நாற்று, எத்தனை குழி என்று இரண்டையும் கேளுங்கள்.

படி 9: நடவு, தாமதமானால் மாற்று

நடவுக்கு ஒரு மணி நேரம் முன் தட்டை நன்றாக நனையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காமல் அடியிலிருந்து தள்ளி எடுங்கள். வேர்க்கட்டின் தலை மேல் ஒரு செ.மீ. மண் மூட வேண்டும். கோகோபீட் வெளியே தெரிந்தால் அது திரிபோல் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். சுற்றி மண் ஈரமாக இருந்தும் நாற்று வாடும் மர்மம் பெரும்பாலும் இதுதான். சிறு குழி நாற்றுக்கு நட்ட முதல் மூன்று நாள் தினமும் தண்ணீர் வேண்டும், ஏனென்றால் அது தன்னுடன் கொண்டுவருவது 20 மில்லி கலவை பிடித்த ஈரம் மட்டும்.

நடவு தள்ளிப்போனால் பயிரைப் பொறுத்து முடிவெடுங்கள். தக்காளியை 200 மில்லி கப்புக்கு மாற்றினால் இன்னும் இரண்டு வாரம் காத்திருக்கும். நெட்டையாகியிருந்தால் நடும்போது முதல் இலை வரை ஆழமாகப் புதைக்கலாம், புதைந்த தண்டில் வேர் விடும். மிளகாயும் கத்தரியும் அப்படித் தண்டில் தாராளமாக வேர் விடுவதில்லை. வேர்க்கட்டின் அடியில் சுற்றிய பகுதியைப் பிளேடால் அரை செ.மீ. கீறிவிட்டு, இருந்த ஆழத்தைவிடச் சற்றே கீழே நடுங்கள். காலிபிளவர் தட்டில் 35 நாள் கடந்துவிட்டால் நட வேண்டாம். அடைபட்டு நின்ற நாற்று, இலை விரிக்கும் முன்பே பொத்தான் அளவுக்குப் பூ வைத்து நின்றுவிடும். பூசணி, வெள்ளரி நாற்று 98 குழியில் 20 நாள் தாண்டியிருந்தால் அதைக் காப்பாற்றப் பார்ப்பதைவிட, கழனியில் நேராக விதை ஊன்றுவது சீக்கிரம் காய்க்கும்.